கம்பளி நூலும் அரிசி மூட்டையும்

"அக்கா, உங்க தையல் வகுப்புல மிச்சமான கம்பளி நூல் இருக்குமா? சிவப்பா இருந்தா நல்லது."

ஒரு சனிக்கிழமை காலை தம்பி இப்படிக் கேட்டபோது, குழந்தைக்குத் தொப்பி பின்னத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். அவன் பண்டாரவளைக்குப் பக்கத்தில் சிறிய கராஜ் ஒன்று வைத்திருக்கிறான். வாரநாட்களில் முச்சக்கரவண்டிகளும் மரக்கறி லொறிகளும் திருத்துவான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய ஸ்டார்லெட் காரோடு மல்லுக்கட்டுவான். வருடத்தில் இரண்டு மூன்று தடவை அந்தக் காரை ஓட்டப் போட்டிக்குக் கொண்டுபோவதுதான் அவனுடைய ஒரே ஆசை. அம்மாவுக்கு அது பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. சீட்டுப் பிடித்த காசு டயருக்குப் போகிறது என்று அவனுடைய மனைவி என்னிடம் பலமுறை அழுதிருக்கிறாள்.

"நூல் எதுக்கு?" என்று கேட்டேன்.

"காத்தப் பார்க்க" என்றான்.

காற்றைப் பார்ப்பதா? இந்தப் பதில்தான் என்னை அந்தக் கராஜுக்குள் இழுத்தது. ஊரில் கண்ணுக்குத் தெரியாத விடயங்களைத் தேடிப்போய்ப் பார்ப்பதுதான் என்னுடைய தொழில். ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்பதை வீட்டார் வாயால் சொல்லமாட்டார்கள். கிடைக்கும் சிறு அடையாளங்களை வைத்துத்தான் நாங்கள் அறிந்துகொள்ள வேண்டும். காற்றுக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று அறிய ஆவல் வந்தது.

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது பண்டாரவளைச் சந்தையில் குடை பிடித்து நடந்தவர்களுக்குக் காற்றின் பலத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடையை ஒரு பக்கம் சாய்த்தால் நம்மைத் தூக்கப் பார்க்கும்; மறுபக்கம் சாய்த்தால் கீழே அமுக்கும். ஓடும் காருக்கும் இதே கதைதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அந்த எதிர்ப்பை வெல்ல இயந்திரத்துக்கு வேண்டிய வலு எட்டு மடங்காகிறது. சந்தைக்குப் போகும் வேகத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத காற்று, ஓட்டப் பாதையில் பெரிய எதிரியாகிவிடுவது இதனால்தான்.

ஆனால் அந்த எதிரியை வேலைக்காரனாக்கவும் முடியும். விமானத்தின் சிறகு அதை மேலே தூக்குகிறது. அதே சிறகைத் தலைகீழாகக் காரின் பின்புறத்தில் பொருத்தினால் அது காரை நிலத்தோடு அமுக்கும். டயர் வீதியை இறுகப் பற்றும், வளைவில் வேகமாகத் திரும்பலாம். 1966 இல் அமெரிக்கரான ஜிம் ஹோல் தமது சப்பரல் காரில் உயரமான சிறகு ஒன்றைப் பொருத்தி ஓடவிட்ட பிறகு உலகமெங்கும் இந்த எண்ணம் பரவியது. தம்பியும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் அலுமினியச் சிறகு ஒன்றை வாங்கிவந்து பின்கதவில் பூட்டியிருந்தான். விலையை மனைவியிடம் பாதியாகச் சொல்லியிருந்தான். எனக்கு மட்டும் முழுதும் தெரியும்.

எங்கள் தையல் வகுப்பில் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். தோட்டத்து லயத்தில் இருந்து வருபவள். தையல் அவளுக்கு ஓடாது; ஆனால் பழுதான தையல் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. நூல் கட்டும் வேலைக்கு உதவியாக அவளையும் அவளுடைய அம்மாவையும் கராஜுக்கு அழைத்துப்போனேன். கார் முழுவதும், ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாக, விரல் நீளச் சிவப்பு நூல்களைப் பசைநாடாவால் ஒட்டினோம். கூரையிலும் பின்கண்ணாடியிலும் சிறகின் மேலும் அடியிலும் ஒட்டினோம். கார் அம்மன் கோவில் தேர் மாதிரி இருக்கிறது என்று அந்தத் தாய் சிரித்தார்.

இந்தச் சோதனையை வீதியில் செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். கட்டுக்குருந்தையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படை அமைத்த விமான ஓடுபாதை இருக்கிறது. அங்கே கார் ஓட்டப் போட்டிகள் நடப்பதுண்டு. ஒரு பயிற்சி நாளில் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு, மதிய இடைவேளையில் ஓடுபாதையைச் சிறிது நேரம் பெற்றுக்கொண்டோம். தம்பி காரை ஓட்ட, அவனுடைய நண்பர் பக்கவாட்டில் இன்னொரு காரை ஓட்டினார். அதில் அமர்ந்து, இருக்கைப் பட்டி போட்டபடி, அந்தப் பிள்ளை கைத்தொலைபேசியில் படம்பிடித்தாள்.

படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோது எல்லோரும் வாயடைத்துப் போனோம். முன்பக்கத்திலும் கூரையிலும் ஒட்டிய நூல்கள் வாரிவிட்ட தலைமுடிபோல் நேராகப் பின்னோக்கிப் படிந்திருந்தன. கூரை முடிந்து பின்கண்ணாடி சரியும் இடத்தில் இருந்து அவை தறிகெட்டு ஆடின. சில நூல்கள் முன்னோக்கியே திரும்பி நின்றன.

"மிஸ், சிறகுல இருக்குற நூலும் அப்படித்தான் ஆடுது. அதுக்குக் காத்தே சரியா வரலியே" என்றாள் அந்தப் பிள்ளை.

அதுதான் உண்மை. கூரையின் பின்விளிம்பில் காற்று காரை விட்டுப் பிரிந்து, பின்னால் சுழல்கிறது. தம்பி வாங்கிய சிறகு அந்தச் சுழலுக்குள் ஒளிந்திருந்தது. ஒழுங்கான காற்று படாத சிறகு அமுக்கும் வேலையைச் செய்யாது. பாரமாக மட்டும் இருக்கும்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "ஓட்டுறவனுக்குத்தான் தெரியும். சிறகு போட்ட பிறகு பின்பக்கம் நல்லா உட்காருது" என்றான்.

இந்த இடத்தில்தான் நான் படித்த படிப்பு கைகொடுத்தது. ஆய்வுமுறை வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதற் பாடம், ஒருவர் எதை நம்ப விரும்புகிறாரோ அதையே பதிலாகச் சொல்லக்கூடும் என்பது. பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைப்பதில்லை, மனம் அப்படி. ஆகவே ஒரு சிறு ஒழுங்கு செய்தேன். அந்தப் பிள்ளை சிறகின் கோணத்தை மாற்றுவாள். என்ன மாற்றினாள் என்பதைத் தம்பிக்குச் சொல்லமாட்டாள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அவன் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல, நான் கொப்பியில் எழுதுவேன்.

மூன்று ஓட்டங்கள் ஓடினான். மூன்றாவதில் இறங்கிவந்து, "இதுதான் சரி! மத்த ரெண்டையும் விட எவ்வளவோ மேல்" என்றான். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாவது ஓட்டத்துக்கும் மூன்றாவது ஓட்டத்துக்கும் இடையில் அவள் திருகாணியைத் தளர்த்தி அதே இடத்திலேயே மறுபடி இறுக்கியிருந்தாள். எதுவும் மாறவில்லை. தம்பியின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் கோபிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "சரி, அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததையே அன்றைய வெற்றியாக நான் எண்ணுகிறேன்.

காற்றுச் சுரங்கம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இது எளிது. நம்மைப் போன்றவர்களுக்கும் செலவில்லாத ஒரு வழி உண்டு. காரை மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்துக்குக் கொண்டுபோய், கியரை விடுவித்து, தானாக ஓடவிட வேண்டும். வேகம் 70 ஆகக் குறைய எத்தனை செக்கன் எடுக்கிறது என்று அளக்க வேண்டும். காற்றின் இழுவை கூடினால் கார் சீக்கிரமாகத் தளரும். வேகமானியைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்தால் நேரத்தைப் பிறகு ஆறுதலாகக் கணக்கிடலாம். வீசும் காற்றின் தயவு ஒரு பக்கமாகச் சாயாதிருக்க, போகும் திசையில் ஒருமுறையும் வரும் திசையில் ஒருமுறையும் ஓடிச் சராசரி எடுக்க வேண்டும். டயர்க் காற்றழுத்தம், எரிபொருளின் அளவு, காரில் இருக்கும் ஆட்கள் எதையும் மாற்றக் கூடாது. முதலில் சிறகு இல்லாமல், பிறகு சிறகோடு, பிறகு மறுபடியும் சிறகு இல்லாமல். அந்தக் கடைசி ஓட்டம் முக்கியமானது. முதல் ஓட்டத்தின் கணக்கே அதிலும் வந்தால்தான் நடுவில் கண்ட வித்தியாசத்தை நம்பலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இதைத் தம்பிக்குச் சொல்லும்போது, கிராமத்தில் ஒரே மாதத்தில் மூன்று திட்டங்களைத் தொடங்கிவிட்டு எதனால் பயன் வந்தது என்று தெரியாமல் நாங்கள் விழித்த நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

சிறகோடு ஓடியபோது கார் ஏறத்தாழ ஒரு செக்கன் முன்னதாகத் தளர்ந்தது. ஆக, அந்தச் சிறகு இழுவையைக் கொடுத்தது. பிடிப்பைக் கொடுத்ததற்குச் சுற்று நேரங்களில் எந்த அத்தாட்சியும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பி சிறகை உயர்த்தும் வேலையில் இறங்கினான். கூரை மட்டத்துக்கு மேலே, நேரான காற்றுக்குள் அது நிற்க வேண்டும். இரண்டு நீண்ட அலுமினியத் தாங்கிகளை வெட்டி, பின்கதவில் நான்கு போல்ட் போட்டுப் பூட்டினான். பார்க்க அழகாகவே இருந்தது. அடுத்த கிழமை போட்டி.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த ஃபொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் மத்தியில் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். புத்தாண்டு விடுமுறைக் காலம். எங்கள் பக்கத்து ஊர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகும் நாள். அந்த விபத்துக்கும் சிறகுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அன்றிலிருந்து ஓட்டப் போட்டி என்றால் என் கண்ணுக்கு முதலில் தெரிவது காரல்ல. வேலியோரத்தில் நிற்கும் சனம்.

ஆகவே இந்தச் சிறகுகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1960களின் கடைசியில் பந்தயக் கார்களில் நீண்ட மெல்லிய தாங்கிகளின் மேல் உயரச் சிறகுகள் நின்றன. 1969 மே மாதம் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் மொன்ட்யுயிக் பாதையில் நடந்த போட்டியில், கிரஹாம் ஹில், யோக்கன் ரிண்ட் ஆகிய இருவரின் லோட்டஸ் கார்களிலும் சிறகு முறிந்தது. இருவரது கார்களும் மோதி நொறுங்கின. அடுத்து மொனாக்கோவில் போட்டிக்கான பயிற்சி தொடங்கிய பின்னர் அந்த உயரச் சிறகுகள் தடைசெய்யப்பட்டன.

அதே பாதையில் 1975 ஏப்ரல் 27 இல் ரொல்ஃப் ஸ்டொமலனின் காரில் பின்சிறகு உடைந்து பிரிந்தது. கார் தடுப்பைத் தாண்டிப் போனதில் அங்கே நின்றிருந்தவர்கள் பலர் உயிரிழந்தார்கள். போட்டி இடைநடுவில் நிறுத்தப்பட்டது. அப்போது ஆறாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் இத்தாலியைச் சேர்ந்த லெல்லா லொம்பார்டி என்ற பெண். போட்டி முழுமையடையாததால் அவருக்குக் கிடைத்தது அரைப் புள்ளி. ஃபோர்மியுலா வன் உலகப் போட்டியில் புள்ளி பெற்ற ஒரே பெண் இன்றுவரை அவர்தான். ஒரு பெண்ணின் அபூர்வமான சாதனை, ஒரு சிறகு சரியாக நிற்காததால் இறந்தவர்களின் நினைவோடு சேர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. இதைப் படித்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

காலையில் தம்பியிடம் போனேன். "இந்தத் தாங்கி எவ்வளவு பாரம் தாங்கும்?" என்று கேட்டேன்.

"நல்லா தாங்கும் அக்கா."

"எவ்வளவு?"

"கையால அமுக்கிப் பார்த்தேன். அசையல."

"கையால அமுக்கினது கணக்காகுமா? அன்னைக்கு ஓடுபாதையில நீ உணர்ந்தது கணக்காச்சா?"

நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வேலையாட்கள் முன்னால் சொல்லிவிட்டேன். "எல்லாத்தையும் உங்க அலுவலகம் மாதிரி நினைக்காதீங்க. கராஜ் வேலை உங்களுக்கு விளங்காது" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டான். மூன்று நாட்கள் பேச்சில்லை. அம்மா இருவருக்கும் நடுவில் தேநீர் கொண்டுபோய்க் களைத்துப்போனார்.

நான்காம் நாள் மாலை அவனே வந்தான். "எப்படிப் பார்க்கணும்னு சொல்லுங்க" என்றான்.

பாடசாலைப் பௌதிகக் கணக்குத்தான் அது. சிறகின் பரப்பு ஏறத்தாழ கால் சதுர மீற்றர். மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் அது 25 முதல் 30 கிலோ பாரத்தோடு கீழே அமுக்கும். அதோடு காற்று அதைப் பின்னோக்கியும் இழுக்கும். பள்ளம் மேட்டில் கார் குலுங்கும். அதிர்வில் உலோகம் களைக்கும். ஆகவே மூன்று மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அம்மாவின் கடைக்கு வந்திருந்த 10 கிலோ அரிசி மூட்டைகள் ஒன்பதை எடுத்துவந்தோம். சிறகின் மேல் பலகையொன்றை வைத்து, ஒவ்வொன்றாக ஏற்றினோம்.

மூன்று மூட்டை வரை ஒன்றும் ஆகவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். நான்காவது ஏறியபோது தாங்கிகள் இலேசாகச் சாய்ந்தன. ஐந்தாவதில் பின்கதவுத் தகடு முனகியது. ஆறாவது மூட்டையை வைத்ததும் 'டக்' என்ற சத்தத்தோடு தகடு உள்வாங்கியது. ஒரு போல்ட் துளை கிழிந்து நீண்டுவிட்டது. சிறகு ஒரு பக்கமாகச் சரிய, மூட்டைகள் நிலத்தில் விழுந்தன. ஒன்று வெடித்து அரிசி கொட்டியது.

யாரும் பேசவில்லை. தம்பி குந்தியிருந்து அந்தக் கிழிந்த துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். பிறகு அரிசியை அள்ளத் தொடங்கினான். அந்தப் பிள்ளை சுளகு கொண்டுவந்தாள். "சனம் நிக்கிற பக்கம் போயிருந்தா..." என்று மட்டும் சொன்னான், முடிக்கவில்லை.

சிறகும் தாங்கியும் பழுதல்ல. அவற்றைப் பூட்டிய இடம்தான் பழுது. கதவுத் தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாதது. அதன் மேல் மட்டும் போல்ட் போட்டால், பாரம் முழுவதும் காசளவு இடத்தில் விழுகிறது. இப்போது உட்புறத்தில் அகலமான இரும்புத் தகடுகளை வைத்து, தாங்கியின் அடியைக் காரின் உடற்சட்டத்தோடு இணைத்து, தளராத சுரைகளைப் போட்டான். அந்தக் கிழமைப் போட்டிக்குச் சிறகைக் கழற்றிவிட்டே போனான். அடுத்த மாதம் ஒன்பது மூட்டைகளையும் ஏற்றி, இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் அளந்து பார்த்தோம். ஒரு நூலளவும் அசையவில்லை.

மறுபடி கட்டுக்குருந்தைக்குப் போனபோது சிறகின் நூல்கள் நேராகப் படிந்திருந்தன. வேகமான வளைவில் பின்பக்கம் உறுதியாக நின்றது. அதனால் வேறொரு பிரச்சினை வந்தது. பின்னால் அமுக்கம் கூடியதும் முன்சக்கரங்கள் வளைவில் திரும்ப மறுத்தன. காற்று ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் கேட்கும். முன் பம்பருக்குக் கீழே பிளைவூட் பலகையால் உதடு ஒன்று செய்து அதைச் சமப்படுத்தினோம். அந்தப் பலகைக்கும் மூட்டை ஏற்றினோம்! சுற்று நேரம் குறைந்தது. கொப்பியில் பத்துச் சுற்றுகளின் கணக்கு இருந்ததால், இம்முறை அதை நானும் நம்பினேன்.

பிறகு 1934 முதல் நடந்துவரும் நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி பற்றிப் பேச்சு வந்தபோது தம்பி தானாகவே சொன்னான்: "அங்க சிறகு வேணாம் அக்கா. வளைவெல்லாம் மெதுவானது. காத்தும் மெலிசு." உண்மைதான். நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. சிறகு அமுக்கும் விசையும் அந்த அளவுக்குக் குறையும். ஆசைப்பட்டு வாங்கிய பொருளை, தேவையில்லாத இடத்தில் கழற்றிவைக்க அவன் பழகிவிட்டான்.

அவன் கிண்ணம் எதுவும் வெல்லவில்லை. கட்டுக்குருந்தைப் போட்டியில் தன் பிரிவில் ஐந்தாவதாக வந்தான். ஆனால் செலவுக் கணக்கை இப்போது மனைவியிடம் கொப்பியோடு காட்டுகிறான். அந்தப் பிள்ளை தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகனப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். "பொம்பளப் புள்ளைக்கு கராஜில என்ன வேலை?" என்று அவளுடைய தகப்பன் ஆரம்பத்தில் மறுத்தார். அவள் வாதாடவில்லை. நூல்கள் ஆடும் அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டி, எந்த இடத்தில் காற்று பிரிகிறது என்று விளக்கினாள். அவர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ மகனோ மோட்டார்ப் பைத்தியமாக இருக்கலாம். "வேண்டாம்" என்று சொல்லி நான் பல வருடங்களை வீணாக்கினேன். அவன் என்னிடம் மறைக்கத்தான் பழகினான். "எவ்வளவு தாங்கும்? எப்படித் தெரியும்?" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் அவன் என்னிடம் பேசத் தொடங்கினான். அந்த இரண்டு கேள்விகளுக்கும் மோட்டார் அறிவு தேவையில்லை. ஆனால் வேலையாட்கள் முன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

வெடித்த அரிசி மூட்டைக்கு அம்மா இன்னும் தம்பியிடம் காசு கேட்டுக்கொண்டிருக்கிறார்.